பத்தொன்பது பெற்ற தாய்



நாளிதழைப் பிரித்தால் உட்பக்கங்களில் நினைவஞ்சலி இருக்கும். கட்டம் போட்ட ஒரு படம். அதன் கீழே "அன்பு மனைவி, பாசமிகு தாய், பேரப்பிள்ளைகளின் அருமைப் பாட்டி, ஆண்டவரின் அடியாள்" என்று நாலு வார்த்தை. அதற்கும் கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகளின் பெயர்கள். அறுபது எழுபது வருஷம் வாழ்ந்த ஒருத்தி அந்த நாலு வார்த்தைக்குள் அடங்கிப் போகிறாள். அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், எந்தக் கடனை எப்படி அடைத்தாள், எந்தப் பிள்ளையை நினைத்து எத்தனை இரவு தூங்காமல் கிடந்தாள் என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வருவதில்லை.

நாலு வார்த்தையில் அடக்கிவிடக் கூடிய ஒரு கிறிஸ்துவத் தாயின் கதையைத்தான் இந்த இதழில் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் பெயர் சூசன்னா வெஸ்லி. இங்கிலாந்தில் பிறந்து, இங்கிலாந்திலேயே வாழ்ந்து, 1742-ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர் கோயில் கட்டவில்லை, பதவி வகிக்கவில்லை, கடல் கடந்து எங்கும் போகவில்லை. வீட்டுக்குள் இருந்து பிள்ளை வளர்த்தார், அவ்வளவுதான். இருந்தும் அந்த வீட்டில் அவர் செய்த வேலை சுற்றிச் சுற்றி நம் மலாயாக் கரை வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்த வேலைக்கு நெருப்பு மூட்டியதில் நம் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றுக்கும் பங்கு உண்டு. இதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே இந்து வாசகர்களும், "இது வேதக்காரர்கள் சமாச்சாரம்" என்று பக்கத்தைத் தள்ளிவிடாமல் படிக்க வேண்டுகிறேன்.

இருபத்தைந்தாவது பிள்ளை

சூசன்னா அம்மையார் 1669-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தகப்பனார் சாமுவேல் ஆனஸ்லி ஒரு போதகர். அரசாங்கத் திருச்சபையின் சட்டத்துக்குக் கட்டுப்பட மறுத்ததால் 1662-இல் தம் கோயிலை இழந்தவர். அவருக்கு இருபத்தைந்து பிள்ளைகள் என்றும், சூசன்னாதான் கடைக்குட்டி என்றும் வரலாறு சொல்கிறது. பெண்பிள்ளைகளை எழுத்து வாசனை இல்லாமல் வளர்ப்பது அந்நாளில் அங்கும் வழக்கம்தான். ஆனால் இந்தத் தகப்பனார் வீட்டில் புத்தக அலமாரிக்குப் பூட்டு இல்லை. பெரியவர்கள் பேசுகிற சமய வாதங்களைக் கேட்டே வளர்ந்த சூசன்னா, பதின்மூன்று வயதிலேயே, தகப்பனார் விட்டுவந்த அதே அரசாங்கத் திருச்சபைதான் சரி என்று தானாக முடிவு செய்து அதில் சேர்ந்துகொண்டார். தகப்பனார் தடுக்கவில்லை. மகளின் மேல் அவருக்கு இருந்த பாசமும் குறையவில்லை.

1688-இல் சாமுவேல் வெஸ்லி என்ற இளம் குருவுக்கு வாழ்க்கைப்பட்டார். 1690-களில் அவர்கள் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் எப்வொர்த் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சதுப்பு நிலத்தின் நடுவே இருந்த சின்ன ஊர் அது. கணவர் அங்கே சாகும்வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டு, குருவாக இருந்தார்.

அம்மையார் பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார். அவற்றில் ஒன்பது கைக்குழந்தையாகவே இறந்துவிட்டன. இரட்டைப் பிள்ளைகளையும் அவர் பறிகொடுத்திருக்கிறார். 1705-இல் பிறந்த ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்ட தாதி, இரவெல்லாம் தேர்தல் கூட்டத்தின் கூச்சலில் கண் விழித்திருந்து, விடியற்காலையில் அசந்து தூங்கிவிட்டாள். தூக்கத்தில் குழந்தையின் மேல் புரண்டுவிட்டாள். மூச்சு முட்டி இறந்த குழந்தையைத் தாயின் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

கடனும் கஞ்சியும்

குரு வீடு என்றால் வசதியான வீடு என்று நினைத்துவிடக் கூடாது. சாமுவேல் வெஸ்லி படிப்பாளி, கவிதை எழுதுவார், கடவுள் பக்தர். ஆனால் கணக்கு வழக்கில் கெட்டிக்காரர் அல்லர். கடன் வாங்கிக் கடன் அடைத்தே காலம் ஓடியது. அந்த 1705-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காத பக்கத்தில் நின்றார். விளைவு, எதிர்க்கட்சிக்காரருக்கு வேண்டிய ஒருவர் தமக்கு வரவேண்டிய முப்பது பவுனுக்கும் குறைந்த ஒரு கடனுக்காக அவரைப் பிடித்து லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்துவிட்டார். அவர் உள்ளே இருக்கும்போது வீட்டுப் பால் மாடுகளை யாரோ இரவில் வந்து குத்திப் போட்டார்கள். கணவர் சிறையில், பிள்ளைகள் வீட்டில், பால் கொடுத்த மாடும் இல்லை. அம்மையார் தம் கையில் இருந்த மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார், செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போது யார்க் நகரப் பேராயர் வந்து, உண்மையாகச் சொல்லுங்கள், உங்களுக்குச் சாப்பாட்டுக்கே இல்லாமல் போனதுண்டா என்று கேட்டாராம். அம்மையார் சொன்ன பதில் நம் வீட்டுப் பெண்கள் சொல்வதைப் போலவே இருக்கும். ரொட்டி இல்லாமல் இருந்ததில்லை ஐயா, ஆனால் சாப்பிடுவதற்கு முன் அதைத் தேடுவதிலும், சாப்பிட்ட பின் அதற்குப் பணம் கட்டுவதிலும் பட்ட பாட்டில் அந்த ரொட்டியே கசந்துபோயிற்று என்ற பொருள்பட அவர் சொன்னார். கடைக்காரரின் சிட்டைப் புத்தகத்தில் மாதக் கடைசியைப் பார்த்துப் பார்த்துக் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்தப் பதிலை யாரும் விளக்க வேண்டாம்.

ஒரு சொல் சொல்லாததற்காக

பக்தியுள்ள மனைவி என்றால் வாய் திறவாதவள் என்று நம்மில் பலர் பொருள் கொள்கிறோம். சூசன்னா அம்மையாரை அந்த அளவுகோலால் அளக்க முடியாது.

1701 வாக்கில் நடந்த சங்கதி இது. வீட்டுச் ஜெபத்தில் கணவர் அரசர் வில்லியமுக்காக வேண்டிக்கொண்டார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள், மனைவி மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டார். நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட பழைய அரசரே உரிமையுள்ள அரசர் என்பது என் எண்ணம், மனதில் இல்லாததை வாயால் எப்படிச் சொல்வேன் என்றார் அம்மையார். கணவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு அரசர் உள்ள வீட்டில் இருவருக்கும் ஒரே படுக்கை இருக்க முடியாது என்று சொல்லி வீட்டை விட்டே போய்விட்டார். மாதக்கணக்கில் பிரிந்திருந்தார்கள். அம்மையார் அழுதிருப்பார், ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. 1702-இல் அந்த அரசர் இறந்தார். அதே ஆண்டில் வீட்டின் ஒரு பகுதி தீப்பிடித்து எரிந்தது. அதன் பிறகு கணவர் திரும்பி வந்து குடும்பம் ஒன்றாயிற்று. 1703-இல் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைதான் ஜான் வெஸ்லி. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர் அவரே.

யார் செய்தது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கணவரை மதித்தார், அவருக்குப் பிள்ளை பெற்றார், அவர் கடனைச் சுமந்தார். ஆனால் மனச்சாட்சியை மட்டும் அவரிடம் அடகு வைக்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் அவர் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

ஐந்து வயதில் அகரம்

இனிப் பள்ளிக்கூட வாத்தியார் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

இருபது ஆண்டுக் காலம் அந்த அம்மையார் தம் வீட்டையே பள்ளிக்கூடமாக நடத்தினார். காலை 9 மணி முதல் 12 மணி வரை, பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை என்று நாளுக்கு ஆறு மணி நேரம் பாடம். ஐந்து வயது ஆகும்வரை பொதுவாக எந்தப் பிள்ளைக்கும் எழுத்துக் கற்பிக்க மாட்டார். பிறந்தநாள் முடிந்த மறுநாள் வீட்டை ஒழுங்குபடுத்தி, எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, வேறு யாரும் அறைக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையை முன்னால் உட்கார வைப்பார். ஒரே நாளில் ஆங்கில எழுத்து முழுவதும் முடிந்துவிடும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். மறுநாள் வேதாகமத்தின் முதல் அதிகாரத்தில் முதல் வசனம். அதை எழுத்துக் கூட்டி, தடுக்காமல் வாசிக்கும்வரை அடுத்த வசனத்துக்குப் போக மாட்டார்.

ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துத்தானே, நம் தமிழில் இருநூற்று நாற்பத்தேழு அல்லவா என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் சொல்ல வருவது நாள் கணக்கை அல்ல. ஒரு பிள்ளைக்கு எழுத்துத் தொடங்கும் அந்த நாளை அந்த வீடு எப்படி மதித்தது என்பதைப் பாருங்கள். சட்டி பானை உருட்டுகிற ஓசை கூட அன்று அடங்கியிருந்தது.

ஒருமுறை, சரியாக விளங்கிக்கொள்ளாத ஒரு பிள்ளைக்கு அவர் ஒரே பாடத்தை இருபது தடவை சொல்லிக் கொடுத்ததைக் கணவர் எண்ணிக்கொண்டே இருந்தாராம். உன் பொறுமை எனக்கு வராது, ஏன் இருபது தடவை சொன்னாய் என்று கேட்டாராம். பத்தொன்பதோடு நிறுத்தியிருந்தால் அந்தப் பத்தொன்பதும் வீணாகியிருக்குமே என்றாராம் அம்மையார். வாய்வழியாக வந்த கதைதான். ஆனாலும் வாத்தியார்கள் வகுப்புச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மாலை ஐந்து மணிக்கு இன்னொரு வழக்கம். மூத்த பிள்ளை, பேசத் தெரிந்த கடைசிப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகும். இரண்டாவது பிள்ளை அதற்கு மேற்பட்டதை. இப்படி ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பெரியது சின்னதுக்கு வேதம் வாசித்துக் காட்டும். ஒரு தாய்க்கு இரண்டு கைதான் உண்டு. பத்துப் பிள்ளைக்கும் அவை போதா என்று தெரிந்து செய்த ஏற்பாடு இது.

பிள்ளை வளர்ப்புக்கு அவர் வைத்திருந்த சட்டங்களை 1732-இல் மகன் ஜான் கேட்டதற்கிணங்க ஒரு கடிதத்தில் எழுதினார். அவற்றில் சில: செய்த குற்றத்தைத் தானாக ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் பிள்ளையை அடிக்கக் கூடாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை தண்டனை கூடாது, பிறகு அதைச் சொல்லிக் காட்டவும் கூடாது. சொன்னபடி கேட்ட பிள்ளையைப் பாராட்ட வேண்டும். நல்ல எண்ணத்தோடு ஒரு வேலையைச் செய்து அது கோணலாகப் போனாலும் அந்த எண்ணத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஊசி முனை அளவு பொருளானாலும் ஒருவருடையதை மற்றவர் கேட்காமல் எடுக்கக் கூடாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

கடைசிச் சட்டம் ஒன்று உண்டு. அதற்காகவே இந்த அம்மையாரை நான் கும்பிடுவேன். நன்றாக, தடையில்லாமல் வாசிக்கப் பழகும்வரை எந்தப் பெண்பிள்ளைக்கும் கைவேலை கற்பிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். படிப்புக்கு முன்னால் தையல் ஊசியைக் கையில் கொடுத்துவிடுவதால்தான் பெண்களில் பெரும்பாலோருக்கு நாலு பேர் கேட்கும்படி வாசிக்கத் தெரியவில்லை என்று அவர் காரணமும் சொன்னார். இதைச் சொன்னது ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்கு முன்னால். நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் என்ன நடந்தது? அம்மா விடியற்காலையில் பிரட்டுக்குப் போக வேண்டும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மூத்த பெண் பள்ளிக்கூடத்தை நிறுத்து. கஞ்சி காய்ச்சு, துணி துவை, பிள்ளையைத் தூக்கு. தம்பி ஆறாம் வகுப்பு முடித்தபோது அக்காவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. இன்று பாட்டிகளாக இருக்கும் எத்தனையோ பேர் வங்கியில் பெருவிரலை மையில் தோய்த்தது அதனால்தான். அவர்களுக்கு அறிவு இல்லாமல் இல்லை. முதலில் வாசிக்கட்டும் என்று சொல்ல அவர்கள் வீட்டில் ஒருவருக்கு வசதி இருக்கவில்லை.

எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயந்து, சத்தமில்லாமல் அழப் பழக்க வேண்டும் என்றும், பிள்ளையின் பிடிவாதத்தைச் சிறுவயதிலேயே அடக்கிவிட வேண்டும் என்றும் அவர் எழுதினார். அது அந்தக் காலத்து எண்ணம். ஒரு வயதுப் பிள்ளை அழுவது பிடிவாதத்தால் அல்ல. அதற்குப் பேசத் தெரியாது, அவ்வளவுதான். நல்லவர்களிடமிருந்தும் கொள்ளுவதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ளத்தான் வேண்டும்.

எரிந்த வீடும் தரங்கம்பாடியும்

1709-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் இரவு அந்த வீடு முழுவதும் தீப்பற்றியது. அம்மையார் அப்போது நிறைமாதக் கர்ப்பிணிக்குச் சமம். நெருப்புக்குள்ளேயே நடந்து வெளியே வந்தார், லேசான தீக்காயத்தோடு. பிள்ளைகளை எண்ணினார்கள். ஐந்து வயது ஜானைக் காணோம். மாடி ஜன்னலில் பையன் நிற்பது தெரிந்தது. ஏணி கொண்டுவர நேரம் இல்லை. ஓர் ஆள் சுவரோடு சாய்ந்து நிற்க, இன்னொருவர் அவர் தோள்மேல் ஏறிப் பையனை இழுத்து எடுத்தார். அடுத்த நொடி கூரை உள்ளே விழுந்தது. புத்தகம், துணிமணி, எழுதி வைத்த காகிதம் எல்லாம் சாம்பல். எட்டுப் பிள்ளைகளும் பிழைத்தார்கள், அது போதும் என்று தகப்பனார் அங்கேயே மண்டியிட்டார்.

வீடு திரும்பக் கட்டும்வரை பிள்ளைகளைப் பல வீடுகளில் பிரித்து விட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது பேச்சும் நடத்தையும் மாறிப் போயிருந்தன. முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, உடம்பும் சரியில்லை. இந்த நேரத்தில்தான் அந்த வீட்டுக்குள் தமிழ்நாடு நுழைகிறது.

டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்ட சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். மணலில் விரலால் எழுதிப் படிக்கும் நம் பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தவர் சீகன்பால்க். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டவரும் அவரே. அவர்கள் அனுப்பிய செய்திகள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகம் எப்வொர்த் வீட்டில் கணவரின் படிப்பறையில் இருந்தது. மூத்த மகள் எமிலி அதைக் கண்டெடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள்.

அம்மையாருக்கு நாள்கணக்கில் வேறு நினைவே இல்லை. முகம் தெரியாத ஊரில், தெரியாத மொழி பேசுகிற மக்களுக்காக இவர்கள் இத்தனை பாடுபடுகிறார்களே, நான் ஆணும் அல்ல, குருவும் அல்ல, ஆனாலும் என்னால் ஆனதைச் செய்ய வேண்டாமா என்று அவர் கணவருக்கு எழுதினார். எங்கே தொடங்குவது? சொந்தப் பிள்ளைகளிடம் தொடங்கினார்.

ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது என்று முடிவு செய்தார். திங்கட்கிழமை மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி பாட்டி என்ற மார்த்தா, சனி சார்லஸ், ஞாயிற்றுக்கிழமை எமிலியும் சூக்கியும். அந்த நேரத்தில் திட்டு இல்லை, பாடம் இல்லை. உன் மனதில் என்ன இருக்கிறது, எதற்குப் பயப்படுகிறாய், கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்பது. பல ஆண்டு கழித்து, ஆக்ஸ்போர்டில் பெரிய படிப்புப் படித்துப் பதவியும் பெற்ற பிறகு, ஜான் தாய்க்கு எழுதினார்: சின்ன வயதில் எனக்காக ஒதுக்கிய அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சம் நேரத்தை இப்போதும் எனக்காகக் கொடுங்கள், அது என் மனதைச் சீர்படுத்தும் என்று.

அடுத்தது அதைவிடப் பெரிய சங்கதி. 1711-12 குளிர்காலத்தில் கணவர் திருச்சபை மாநாட்டுக்காக லண்டனில் தங்கிவிட்டார். ஞாயிறு மாலையில் அம்மையார் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஜெபமும் பிரசங்கமும் வாசித்தார். ஒரு வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொல்ல, அவர்களும் வந்தார்கள். அப்புறம் அக்கம்பக்கத்தார். முப்பது நாற்பதாகி, கடைசியில் இருநூறு பேருக்கு மேல் வந்து நிற்க இடம் இல்லாமல் திரும்பினார்கள். கோயிலில் அத்தனை கூட்டம் இல்லை. உதவிக் குரு பொறுக்கமாட்டாமல் லண்டனுக்குப் புகார் எழுதினார். ஒரு பெண் இப்படிச் செய்யலாமா, நிறுத்திவிடு என்று கணவர் எழுதினார்.

அம்மையார் எழுதிய பதில் பணிவானது, ஆனால் வளையாதது. இதனால் ஊரில் குடிப்பழக்கமும் சண்டையும் குறைந்திருக்கிறது, கோயிலுக்கு வராதவர்கள் வருகிறார்கள் என்று விளக்கிவிட்டு, கடைசியில் சொன்னார்: நிறுத்த விருப்பம் என்று எழுதாதீர்கள், நிறுத்து என்று தெளிவாகக் கட்டளையிடுங்கள். நாளை ஆண்டவர் முன் நிற்கும்போது இந்த மக்களுக்கு நன்மை செய்யத் தவறியதற்கு நான் பதில் சொல்ல வேண்டாமல் இருக்கும். கணவர் அந்தக் கட்டளையை இடவில்லை. அந்தக் கூட்டத்தில் சிறுவர்களாக உட்கார்ந்திருந்தவர்களில் ஜானும் சார்லஸும் உண்டு.

தாயால் ஆகாததும் உண்டு

இத்தனை நல்ல தாயின் பிள்ளைகள் எல்லாரும் சுகமாக வாழ்ந்தார்களா? இல்லை. அதை மறைத்துவிட்டால் நான் எழுதுவது பாதிக் கதை.

மகள் ஹெட்டி மகா புத்திசாலி. எட்டு வயதிலேயே கிரேக்க மொழி வாசித்தாள் என்பார்கள். கவிதை எழுதுவாள். 1725-இல் ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போய் ஏமாந்து திரும்பினாள். தகப்பனார் கோபத்தில், படிப்புக்கும் மனதுக்கும் ஒவ்வாத ஒரு குழாய் வேலைக்காரருக்கு அவசரமாகக் கட்டிவைத்தார். சாகும்வரை மகளை மனமார மன்னிக்கவும் இல்லை. ஜான் தகப்பனாரின் கோயிலிலேயே, தவறினவர்களிடம் இரக்கம் காட்டுவது பற்றிப் பிரசங்கம் செய்து பார்த்தார். பலன் இல்லை. அரசருக்காக ஆமென் சொல்ல மறுத்த அந்தத் தாயாலும் மகளுக்காக அந்தக் கதவைத் திறந்துவிட முடியவில்லை. ஹெட்டி பெற்ற குழந்தைகளும் பிழைக்கவில்லை. மகன்களுக்கு ஆக்ஸ்போர்டு இருந்தது. அதே தாயிடம் அதே எழுத்தைப் படித்த மகள்களுக்குப் போக ஓர் இடமும் இருக்கவில்லை. பெண்ணுக்கு எழுத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்த எழுத்தை வைத்துக்கொண்டு அவள் நிற்க ஓர் இடமும் வேண்டும் என்பதை இந்தக் குடும்பம் நமக்குக் காட்டுகிறது.

முதுமையும் முடிவும்

1735-இல் கணவர் இறந்தார். வீடு திருச்சபையுடையது, காலி செய்ய வேண்டும். அடக்கம் நடந்த நாளிலேயே, பதினைந்து பவுன் குத்தகைப் பாக்கிக்காக நிலத்துக்குச் சொந்தக்கார அம்மாள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அதே ஆண்டில் ஜானும் சார்லஸும் அமெரிக்காவுக்குப் போகத் தாயின் அனுமதியைக் கேட்டார்கள். எனக்கு இருபது பிள்ளைகள் இருந்தாலும், திரும்பப் பார்க்கவே முடியாது என்றாலும், இப்படிப்பட்ட ஊழியத்துக்கு அனுப்புவதில் மகிழ்ச்சிதான் என்றார் அந்த விதவைத் தாய். பிள்ளைகளின் வீடுகளில் மாறி மாறி இருந்து, கடைசிக் காலத்தில் லண்டனில் ஜான் நடத்திய சபையின் இடத்திலேயே தங்கினார். பழைய பீரங்கி வார்ப்படச்சாலை அது.

அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. குருப்பட்டம் பெறாத தாமஸ் மாக்ஸ்ஃபீல்டு என்ற இளைஞர் பிரசங்கம் செய்கிறார் என்று கேட்டு ஜான் கோபத்தோடு ஓடிவந்தார். அவசரப்படாதே, முதலில் அவன் பேசுவதை நீயே கேட்டுப் பார், உன்னைப் போலவே அவனையும் கடவுள் அழைத்திருக்கிறார் என்றார் தாய். ஜான் கேட்டார், ஒப்புக்கொண்டார். குருப்பட்டம் இல்லாத சாதாரணத் தொழிலாளர்களும் பிரசங்கிகளாக ஊர் ஊராகப் போனது அதற்குப் பிறகு பெருகியது. மெதடிஸ்ட் இயக்கம் ஏழை எளியவரிடம் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

1742-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், தம் எழுபத்து மூன்றாம் வயதில், பெண்மக்கள் சூழ்ந்திருக்கக் கண் மூடினார். என் உயிர் பிரிந்தவுடன் அழாமல் கடவுளுக்கு ஒரு துதிப்பாட்டுப் பாடுங்கள் என்பதே பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்ட கடைசி வேண்டுகோள். அப்படியே பாடினார்கள். லண்டன் பன்ஹில் இடுகாட்டில் பெருங்கூட்டத்தின் நடுவே அடக்கம் செய்தார்கள். மகன் சார்லஸ் தம் வாழ்நாளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பக்திப் பாடல்கள் எழுதினார். அந்தப் பாட்டி கண்ணால் காணாத பேரர்கள், சார்லஸின் பிள்ளைகள் இருவர், பேர் பெற்ற இசைக் கலைஞர்கள் ஆனார்கள்.

நமக்கு வந்து சேர்ந்தது

1885-இல் மெதடிஸ்ட் குரு வில்லியம் ஓல்டம் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். 1887-இல் ஆஸ்திரேலியப் பெண்மணி சோபியா பிளாக்மோர், தமிழர் சிலர் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று கேட்டுக்கொண்டதன் பேரில், ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது தமிழ்ப் பெண்பிள்ளைகளோடு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து இன்றைய சிங்கப்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக இருக்கிறது. பின்னர் மலாயாவின் பட்டணங்களிலும் மெதடிஸ்ட் பள்ளிகள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகளிலும் சிலர் அவற்றில் படித்து ஆளானார்கள். தரங்கம்பாடிச் செய்தி ஒன்று எப்வொர்த் வீட்டுக்குப் போயிற்று. அந்த வீட்டில் எழுந்த இயக்கம் நூற்று எழுபது ஆண்டு கழித்து ஒன்பது தமிழ்ப் பெண்களின் கையில் புத்தகத்தைக் கொடுத்தது. வாசித்த பிறகே கைவேலை என்று சட்டம் எழுதிய அம்மையார் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தாய்மார்களே, நாளுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்த உங்களால் முடியாது. வேலைக்குப் போய் வந்து, உலை வைத்து, படுக்கும்போது கண் சொருகுகிறது. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் வாரத்தில் ஓர் இரவு ஒரு பிள்ளைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, கால்மணி நேரம் அந்தப் பிள்ளையோடு மட்டும் பேசுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டாம், அதை நாங்கள் பள்ளியில் கேட்டுக்கொள்கிறோம். தகப்பன்மாரும் செய்யலாம், இதற்குத் தடை ஒன்றும் இல்லை.

வீட்டில் வயதான பாட்டி இருந்தால், அவர் வாழ்ந்த கதையைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேரன் பேத்திகளை எழுதச் சொல்லுங்கள். பிறந்த ஊர், எந்தத் தோட்டத்தில் எத்தனை வயதில் வேலைக்கு இறங்கினார், எத்தனை பிள்ளை பெற்று எத்தனை பிழைத்தது, எது பாட்டியை நிமிர்த்தி வைத்தது என்று எல்லாவற்றையும். சூசன்னா அம்மையாரை நாம் அறிந்திருப்பது மகன் கேட்டதனாலும் தாய் எழுதியதனாலும்தான். நம் பாட்டிகள் பலருக்கு எழுதத் தெரியாது. அவர்களுக்காக எழுத வேண்டியவர்கள் நாம்தான், அவர்கள் சொல்ல வாய் இருக்கும்போதே.